என் மூச்சுக்காக நீ வர வேண்டாம்

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். கடிதத்தின் முதல் வரியில் எல்லோரும் வழக்கத்துக்கு எழுதுகிற வார்த்தைதான், ஆனால் நான் உண்மையாகவே எழுதுகிறேன். நேற்றுக் காலை வீட்டிலிருந்து பம்புசெட் வரைக்கும் வரப்பிலேயே நடந்து போனேன். நடுவில் எங்கேயும் உட்காரவில்லை. எதிரே வந்தவர்களை நிறுத்தி ஊர்க்கதை கேட்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்ளவும் இல்லை. போய்ச் சேர்ந்ததும், காலையில் சாப்பிடாமல் வந்ததற்கு உன் அப்பாவைத் திட்டித் தீர்த்தேன், அதுவும் ஒரே மூச்சில். அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. அந்தப் பயம் எதற்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு. பாதியில் பண்ணினால் எடுக்க மாட்டேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டுவார். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "சாப்டியா, புள்ள சாப்டானா" என்று கேட்டு வைத்துவிடுவேன். ஏற்கெனவே அப்படித்தான் ஆயிற்று. அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். இந்த மாதக் கடைசியில் நீ ஆபீசில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப்போகிறாய். அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைத்தாக வேண்டும்.

இந்த இளைப்பு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. போன வருஷம் சம்பா அறுப்பு முடிந்து மாசி பிறந்திருந்தது. மாட்டுக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன், பாதியில் நெஞ்சுக்குள் கதவை யாரோ சாத்தின மாதிரி ஆயிற்று. வலி கிடையாது. காற்று உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும் என்று தோன்றும், அந்த இன்னும் கொஞ்சம் மட்டும் வராது. வாளியை வைத்துவிட்டு தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போவேன் என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை, அதற்கெல்லாம் நேரம் இல்லை. அடுத்த மூச்சு வருமா, அதற்கடுத்தது வருமா, அவ்வளவுதான் புத்தியில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் கண் முன்னாலேயே வந்தது.

அப்புறம் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். முதலில் கேஸ் என்றார்கள், ஓமத்தண்ணீராகக் குடித்தேன். ரத்தம் கம்மி என்றார்கள், முருங்கைக்கீரையாகத் தின்றேன். "உடம்பு போட்டுட்ட, அதான் இளைக்குது" என்றாள் எதிர்வீட்டு மரகதம். அவள் என்னைப்போல் இரண்டு பேர் இருப்பாள், அவளுக்கு ஒன்றும் இளைக்கவில்லை. கண்ணேறு என்று ஒருத்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். திருக்காட்டுப்பள்ளியில் பார்த்தோம், தஞ்சாவூரில் பார்த்தோம். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், எக்ஸ்ரே, தைராய்டு, சுகர் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் எல்லா டாக்டரும் அதே ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "எல்லாம் நார்மல்மா." நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? எனக்கு அழுகைதான் வந்தது. வியாதி என்று ஒன்று இருந்தால் மருந்து தின்று தீர்க்கலாம். ஒன்றுமே இல்லை என்றால் நான் வேஷம் போடுகிறேன் என்றுதானே அர்த்தம்? ஒரு டாக்டர் மனசுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கத் தூங்கினேன். விழித்தால் மறுபடி இளைத்தது.

அந்தக் காலத்தை எப்படித் தள்ளினேன் என்று சொல்கிறேன், உனக்கும் என்றைக்காவது உதவும். மூச்சு முட்டும்போது மல்லாந்து படுக்காதே. உட்கார்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொள். சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடு. உள்ளே இழுக்க இழுக்கப் பயம்தான் கூடும். வெளியே விடுவதை ஒழுங்காகச் செய்தால் உள்ளே தானாக வரும். ஒரு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது இது. பயத்தைப் பாதியாகக் குறைத்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் நானே கண்டுபிடித்த தில்லுமுல்லு. கொட்டகைக்குப் போகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு வைத்தேன், கேட்டால் கோழிக்குத் தீனி வைக்க என்பேன். தெருவில் இளைத்தால் வாய்க்கால் ஓரமாக நின்றுகொண்டு தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதுபோலப் பார்ப்பேன். சித்திரை மாதத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லாத வாய்க்காலைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பேச்சுத்தான் பெரிய கஷ்டம். நான் எப்பேர்ப்பட்ட வாயாடி என்று உனக்குத் தெரியும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறவனிடம் உன் அப்பா வாயைத் திறக்காமல் நிற்பார், நான்தான் பேசி மூட்டையை எடை போட வைப்பேன். அந்த வாய் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிற்க ஆரம்பித்தது. சண்டை போட முடியவில்லையடா தம்பி. "அத்தாச்சி இப்பல்லாம் அமைதியாயிட்டாங்க, வயசாவ வயசாவப் பக்குவம் வந்துடுச்சு" என்று தெருவில் பேச்சு. பக்குவமாவது ஒன்றாவது! நீ போன் பண்ணும்போது நான் சட்டென்று அப்பாவிடம் கொடுத்துவிடுவேனே, உனக்கே நினைவிருக்கும். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வேன். எந்த வீட்டில் எந்நேரமும் பால் பொங்கிக்கொண்டிருக்கும்?

ஆனியில் நீ டிக்கெட் எடுத்துக் கொடுத்து உன்னிடம் சிங்கப்பூர் வந்தோம். வந்த மறு வாரமே எனக்கு மூச்சு திரும்பிவிட்டது. லிப்ட் ரிப்பேர் ஆன அன்று படியேறி வந்து, என் மருமகள் சுகன்யாவுக்கு முன்னால் கதவைத் தட்டினது நான்தான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்ன அத்தை, உங்களுக்கா வீசிங்?" என்று சிரித்தாள். பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பூங்காவைச் சுற்றினேன். தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். திருச்சியில் இறங்கி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் உன் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா எதையும் சபையில் சொல்வது மாதிரித்தான் சொல்வாள். "இது நோயே இல்லடி. ஏக்கம். புள்ளயப் பாத்தா மூச்சு வருது, விட்டுட்டு வந்தா போவுது. இதுக்கு எந்த டாக்டரு மருந்து குடுப்பான்?" என்றாள். எல்லோருக்கும் பொறி தட்டியது. மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் அப்பா தலையை ஆட்டினார். எனக்குக்கூட அது பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். நார்மல் என்று வாங்கிவந்த அவமானத்துக்கு ஏக்கம் எவ்வளவோ மேல். வேஷக்காரி இல்லை, பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கிற தாய் என்று ஆயிற்று. கோயிலுக்குப் போனால் இடம் விட்டு உட்காரவைத்தார்கள். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் மனுஷன் தேடுவதை நிறுத்திவிடுகிறான் தம்பி. நாங்கள் நிறுத்திவிட்டோம். உன் அத்தை சும்மா இருப்பாளா, உனக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நீ தினமும் கூப்பிட ஆரம்பித்தாய், குரலிலேயே குற்றவாளிபோல.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்ட அன்று மத்தியானம் நீ வீடியோவில் கூப்பிட்டாய். பேரன் வாயைத் திறந்து, "அப்பாயி, பல்லு ஆடுது பாருங்க" என்று காட்டினான். நாக்கால தள்ளாதடா என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. காற்றும் வரவில்லை. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி அன்றைக்கு வந்தது. குழந்தை பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தான், அப்புறம் அவன் முகம் மாறியது, அப்புறம் உன் முகம் வந்தது. "அம்மா. அம்மா, பேசும்மா. அப்பா! அப்பா எங்க?" என்று நீ கத்தினது எனக்குக் கேட்டது. பதில் சொல்லத்தான் முடியவில்லை. என் உதடு நீலமாக இருந்ததென்று பிறகு நீதான் சொன்னாய். நீ அதைப் பார்க்கும்படி ஆயிற்றே. உன் அப்பா ஓடிவந்து என்னை உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே போனை வாங்கினார். நீ அழுதுகொண்டே, "நான் வந்துடறேன்ப்பா. வேலைய விட்டுட்டு வந்துடறேன். வருஷக் கடைசில எழுதிக் குடுத்துடறேன்" என்றாய். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மழை விட்டதும் தஞ்சாவூருக்குக் காரில் கொண்டுபோனார். இந்தத் தடவை வேறொரு நெஞ்சு டாக்டர். சின்னப் பெண், உன்னைவிட இளையவள். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டாள். அப்புறம் எல்லா டாக்டரும் கேட்டதைத்தான் கேட்டாள்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வீட்ல சும்மாத்தான் இருக்கேன்."

இதுவரைக்கும் எல்லோரும் இதைக் கேட்டதும் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சும்மான்னா? காலைல எந்திரிச்சதும் என்ன செய்வீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"வாசல் தெளிப்பேன். மாட்டுக்கு வைக்கோல் உருவிப் போடுவேன். சாணி அள்ளுவேன், பால் கறப்பேன்…"

"இருங்க. வைக்கோல் எங்க வச்சிருக்கீங்க? கொட்டாயிலயா?"

"இல்லம்மா. வீட்டுக்குள்ளதான். ரூம்ல."

"வீட்டுக்குள்ள ரூம்லயா?"

உன் அப்பா தொண்டையைக் கனைத்தார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "வெளியூர் போனா எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இதற்குப் பதில் சொல்ல உன் அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. "மகன் வீட்டுக்குப் போனா நல்லாயிடுதுங்க டாக்டர். சிங்கப்பூர்ல ஓடியாடித் திரிஞ்சா. இது புள்ள ஏக்கம்னு எங்க அக்காகூட…" என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தி, "வேற எங்கயாவது போயித் தங்கியிருக்கீங்களாம்மா?" என்றாள். யோசித்தேன். ஆவணியில் தங்கச்சி மகள் வளைகாப்புக்கு மன்னார்குடி போய்ப் பத்து நாள் இருந்தேன். "அங்க எப்படி இருந்துச்சு?" நன்றாகத்தான் இருந்தது. தங்கச்சியும் நானும் பேசிக்கொண்டே அத்தனை பெரிய தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தோம், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அது அன்றைக்கு எனக்கே உறைக்கவில்லை.

"அங்க உங்க மகன் இருந்தாரா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போன வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோல் வயலிலேயே நனைந்தது. அரைகுறையாய்க் காய்ந்ததும் கட்டுகிற மிஷினை விட்டுக் கட்டாகக் கட்டியாயிற்று. கொட்டகை ஒழுகுகிறது. மறுபடி மழை வருகிறது. வெளியே வைக்கோல்போர் போட ஆள் கிடைக்கவில்லை. உன் அப்பா அத்தனை கட்டையும் உருட்டிக்கொண்டு வந்து, நீ பணம் அனுப்பிக் கட்டிய ரூமில் அடுக்கிவிட்டார். ஏசி மாட்டி, கட்டிலுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தோமே, அதே ரூம்தான். "பூட்டித்தானே கெடக்கு, அவன் வர்றதுக்குள்ள காலி பண்ணிடலாம்" என்றார். நம் பக்கத்தில் வெளிநாட்டுக் காசில் கட்டின ரூமில் பாதி இப்படித்தான், நெல்மூட்டையும் உர மூட்டையும்தான் குடியிருக்கிறது. நானும் சரி என்றேன். எலி வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினது நான். தினமும் காலையில் அங்கே போய்க் கட்டைப் பிரித்து உருவுவேன். உள்ளே பூசணம் பிடித்து வெள்ளையாகப் புகையும், புளிச்ச வாடை அடிக்கும். ரூம் குளுமையாக இருக்கிறதென்று மத்தியானத்தில் உன் கட்டிலில்தான் படுப்பேன். உன் கட்டில் என்பதால்தான் அங்கே படுத்தேன், அதில் பொய் இல்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னாள். பூசணம் பிடித்த வைக்கோலின் தூசி உள்ளே போய், அதோடு நுரையீரல் சண்டை போட்டுப் போட்டு வீங்கியிருக்கிறதாம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாமாம். இன்னும் நாள் கடத்தியிருந்தால் தழும்பு விழுந்திருக்கும், அப்புறம் எந்த மருந்துக்கும் பிடிபடாது என்றாள். கொஞ்ச நாளைக்கு மாத்திரை, இனிமேல் வைக்கோல் பக்கமே போகக் கூடாது. "உங்கள யாரும் கேக்கலயாம்மா, வீட்ல என்ன செய்றீங்கன்னு?" என்றாள். கேட்டார்கள், நான்தான் சும்மா இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து மாட்டோடு மாரடிக்கிறவள் எத்தனை ஆஸ்பத்திரியில் சும்மா என்று சொன்னாளோ! உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "சுகன்யா என்ன பண்றா" என்று யாராவது கேட்டால், "வீட்லதான் சும்மா இருக்கா" என்று நீயும் சொல்லி என் காதால் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லாதே.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா அத்தனை கட்டையும் வெளியே தள்ளினார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ரூமை அவரே கழுவினார், சுவருக்கு வெள்ளையடித்தார், மெத்தையைத் தூக்கி எறிந்தார். யாரையும் கூப்பிடவில்லை. மாட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டோம், இருக்கிற ஒன்றை அவரே பார்த்துக்கொள்கிறார். எனக்கு நாளுக்கு நாள் மூச்சு நீண்டது. கார்த்திகை தீபத்தன்று வீடு முழுக்க நானே அகல் ஏற்றினேன். அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவன்கிட்ட சொல்லாத" என்றார்.

"எத?"

"இந்த வைக்கோல் சமாச்சாரத்த."

"ஏங்க? புள்ள கட்டுன ரூம்ல வைக்கோல அடைச்சோம்னு வெக்கமா இருக்கா?"

"அதுவுந்தான். ஆனா அது இல்ல. சொன்னா வருவானா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லவில்லை. எனக்கும் நீ வேண்டும் தம்பி. பேரன் இந்த வாசலில் விளையாட வேண்டும். ஏக்கம் என்று ஊரே சொன்னதில் முழுக்கப் பொய்யும் இல்லையே. அடுத்து நீ கூப்பிட்டபோது அவர், "அப்படியேதான் இருக்காடா, முன்னாடி மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு என்னிடம் போனை நீட்டினார். நான் வாங்கினேன். நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. ஆனாலும் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திப் பேசினேன். "பேசாதம்மா, பேசாத, நான் வந்துடறேன்" என்று நீ தவித்தாய். போனை வைத்துவிட்டு நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். நீ சின்னப் பிள்ளையில் கேட்டது கிடைக்காவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போவாய். முகம் கறுக்கும், நான் பதறிப்போய்க் கையில் கொடுத்துவிடுவேன். அப்பா மட்டும், "உடு, தானா உடுவான், வேஷம்" என்பார். அந்த வேஷத்தை இந்த வயசில் நாங்கள் உன்னிடம் போட்டோம். நீ குழந்தை, உனக்குத் தெரியாது. எங்களுக்கு என்ன கேடு?

முந்தாநாள் சுகன்யா கூப்பிட்டாள், நீ வேலைக்குப் போன பிறகு. சண்டை போடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், எனக்கும் இப்போது மூச்சு இருக்கிறது, ஒரு கை பார்த்திருப்பேன். அவள், "அத்தை, பையன் ஸ்கூல்ல இன்னும் சொல்லல, அடுத்த வாரம் சொல்லணும். தஞ்சாவூர்ல எந்த ஸ்கூல் நல்லாருக்கும்னு மாமாவ விசாரிச்சு வைக்கச் சொல்றீங்களா? அவனுக்குத் தமிழ் எழுத வராது, அதான் யோசனையா இருக்கு" என்றாள். அவள் அங்கே ஏதோ படிப்பில் சேர்ந்திருந்தாளே, அது என்னாயிற்று என்று கேட்டேன். "அத விட்டுட்டேன் அத்தை. உங்க உடம்புக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். ஒரு குறை இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. அந்தப் பெண் என் பொய்க்காகப் படிப்பை விட்டிருக்கிறாள். "நீங்க மெதுவா பேசுங்கத்தை, அவசரமில்ல" என்று வேறு சொன்னாள்.

அதனால்தான் எழுதுகிறேன். என் மூச்சு சரியாகிவிட்டது. அது உன்னால் போகவில்லை, நீ வந்ததால் வரவும் இல்லை. நீ விட்டுப் போனதால் அம்மா மூச்சுத் திணறுகிறாள் என்று இத்தனை மாதமாக மனசுக்குள் சுமந்தாயே, அதை இறக்கி வை. நான் வருந்தினேன், தேடினேன், உன் கட்டிலில் படுத்தேன், அதெல்லாம் எந்தத் தாயும் செய்வது. அதற்காக எவளும் நீலம் பூத்துப்போக மாட்டாள். மாதக் கடைசியில் அந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. சுகன்யாவைப் படிப்பில் திரும்பச் சேரச் சொல். நான் செய்ததை அவளிடம் நீ சொல்ல வேண்டாம், நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தால் உன் அப்பா வாசற்படியில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. "அவனுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எல்லாத்தையும் எழுதிட்டியா?" எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்றேன். சத்தம் போடுவார், பேப்பரைப் பிடுங்குவார் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் கீழே உட்கார்ந்தார். காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"நானே சொல்லியிருக்கணும்" என்றார். அப்புறம், "அனுப்பு. அதுல ஒண்ணு மட்டும் சேத்துக்க" என்றார்.

"என்னங்க?"

"ஏக்கம் ஒனக்கு இல்ல, எனக்குத்தான்னு."

இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்றுகூட, நேராக வயலுக்குப் போய் மடை திறந்தவர். இதை எழுதலாமா என்று எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எழுதினால் மறுபடி உன்னை இழுப்பதாக ஆகிவிடுமோ என்று பயம். ஆனால் இல்லாத நோயைக் காட்டிக் கூப்பிட்டால்தான் அது ஏமாற்று. இருக்கிற ஆசையை இருக்கிறது என்று சொல்வது ஏமாற்று ஆகாது. வருவதும் வராததும் உன் இஷ்டம், சுகன்யாவின் இஷ்டம். வராவிட்டால் நாங்கள் ஒன்றும் செத்துவிட மாட்டோம். வர முடிந்தால், அவருக்காக ஒரு தடவை வா. சும்மா பார்க்க வா.

உன் அப்பா எழுந்து கால் கழுவப் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்து அந்த வரியை அடிக்கச் சொல்வதற்குள் இதை அனுப்பிவிடுகிறேன்.

அம்மா